ஏழாம் எண் படிவமும் என் மனைவியும்

விதிகளை மனப்பாடமாகத் தெரிந்தவன் தேர்தலை நடத்தலாம். தேர்தலில் நிற்கக் கூடாது. இந்த உண்மையை நான் கண்டுபிடித்தபோது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. கொஞ்சம் தாமதம்தான்.

தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பிரிவில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன் நான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க எந்தப் படிவம், நீக்க எந்தப் படிவம், யாருக்கு எத்தனை நாள் அவகாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. விழித்திருக்கும்போது கேட்டவர்களே குறைவு.)

ஓய்வுக்குப் பிறகு, திண்டுக்கல்லுக்கும் எரியோட்டுக்கும் நடுவில் இருக்கும் என் மனைவியின் ஊரில் வீடு கட்டிக் குடியேறினோம். அவள் பெயர் ஆரோக்கியமேரி. ஊருக்கே மேரியக்கா. எனக்கு அங்கே பெயரே கிடையாது. நான் 'மேரியக்கா வீட்டுக்காரர்'. தபால்காரர்கூட என் பென்ஷன் கடிதத்தை அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். காலமெல்லாம் அரசாங்க முத்திரைக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனிதனுக்கு இது ஆறாத புண். சாவதற்குள் இந்த ஊரில் என் பெயரைச் சொல்லி நாலு பேர் என்னைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன். 2001 உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பஞ்சாயத்து வார்டு மெம்பருக்கு நிற்கப் போவதாக மேரியிடம் சொன்னேன்.

"குழாயில தண்ணி வரலைன்னா ஜனம் வீட்டு வாசல்ல வந்து கத்தும். தாங்குவீங்களா?" என்றாள்.

"எழுத்துப்பூர்வமா மனு வாங்கிப்பேன்."

"கெட்டுச்சு போங்க."

என்னை எதிர்த்து நின்றவன் பொன்னுச்சாமி. பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தான். மேரியை அக்கா என்பதால் என்னை மாமா என்பான். அவனுக்குப் பூட்டுச் சின்னம், எனக்குக் கட்டில். திண்டுக்கல் பக்கத்தில் பூட்டோடு மோதுவதே கஷ்டம். இதில் கட்டில் வேறு. "ரிட்டயர் ஆனவருக்குப் பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க" என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள்.

அவனுடைய பிரசாரம் சுலபமானது. பஞ்சர் ஒட்டிவிட்டு, "மறந்துறாதீங்கண்ணே" என்பான். என் பிரசாரம் அதற்கு முன்பே, பட்டியல் திருத்தம் நடந்த நாட்களிலேயே, சிவப்பு மைப் பேனாவோடு தொடங்கிவிட்டது. பட்டியலில் இறந்தவர்கள் பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருவரின் அடக்கத்துக்கு நானே போயிருக்கிறேன். செத்தவர் ஓட்டை யாராவது போட்டுவிட்டால்? ஒவ்வொருவருக்கும், பெயர் நீக்கக் கோரும் படிவம் ஏழு ஒன்று எழுதினேன். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் எழுதினேன். (அவர்களில் பாதிப்பேர் மேரிக்குச் சொந்தக்காரர்கள், தேர்தலுக்கென்று திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து எனக்குத்தான் குத்தியிருப்பார்கள். விதி என்றால் விதி.)

அப்போதுதான் என் மனைவியின் பெயரே இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்தேன். ஒன்று அவள் அப்பா வீட்டுக் கதவு எண்ணில், எந்தக் காலத்திலோ சேர்த்தது. இன்னொன்று எங்கள் புது வீட்டில், நானே சேர்த்தது. அடுத்த வீட்டுச் செத்தவனை அடித்துவிட்டுச் சொந்த மனைவியை விட்டுவைத்தால் நாளைக்கு ஒருவன் கேட்பானே! அவளுக்கும் ஒரு படிவம் எழுதினேன். 'வரிசை எண் 118, 203 ஆகிய இரண்டும் ஒரே நபர். உரிய நடவடிக்கைக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.'

எதை நீக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதவில்லை. அது அலுவலரின் அதிகாரம். மனுதாரர் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எத்தனையோ மனுதாரர்களை நான் விரட்டியிருக்கிறேன்.

ஒரு வாரத்தில் மேரி ஒரு காகிதத்தோடு வந்தாள். "என்னங்க, தாலுகா ஆபீஸ்ல இருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு. ஆட்சேபணை இருந்தா நேர்ல வரணுமாம்."

"வெறும் சம்பிரதாயம். நீ போக வேண்டாம்."

"போகலைன்னா ஒண்ணும் ஆயிராதே?"

"மேரி, அந்த நோட்டீஸ் வாசகத்தை எழுதிக் குடுத்ததே நான்தான்."

அவள் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

இறுதிப் பட்டியல் வந்ததும் நான் நீக்கச் சொன்ன பெயர்களை வரிசையாகச் சரிபார்த்து டிக் அடித்தேன். அப்பா வீட்டு மேரி போயிருந்தாள். டிக். என் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியைப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அன்றைக்குப் பார்க்கவில்லை.

மேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேர்தலானாலும் அந்தச் சாவடியில் முதல் ஓட்டு அவளுடையதாக இருக்க வேண்டும். அன்றும் ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடக் கதவு திறக்கும் முன்பே வரிசையில் முதல் ஆளாக நின்றாள். உள்ளே வாக்குச்சாவடித் தலைவர், என்னிடம் தேர்தல் பயிற்சி எடுத்த இளம் வாத்தியார்.

"அம்மா, உங்க பேரு இல்லையே" என்றார்.

"நல்லாப் பாருங்க தம்பி. ஆரோக்கியமேரி."

"ரெண்டு இடத்துல இருந்திருக்கு. ரெண்டையும் நீக்கியிருக்காங்க. விசாரணைக்கு நீங்க வரலையாம்."

வரிசையில் யாரோ, "எவன் எழுதிப் போட்டான் அக்கா பேரை?" என்றார்கள். மேரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஊரும் பார்த்தது.

வாத்தியார் எழுந்து நின்றார். "சார், எங்களுக்குக் கிளாஸ் எடுத்ததே நீங்க. ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க, செஞ்சுர்றேன்."

வழி இருக்கிறதா என்று என் மண்டைக்குள் இருந்த அத்தனை விதிகளையும் புரட்டினேன். அதற்குள் பொன்னுச்சாமி குறுக்கே வந்தான். "வழி என்ன வழி? அக்கா போட்டுட்டுப் போகட்டும் சார். எதிர்த்து நிக்கிற நானே சொல்றேன், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. அக்காவைத் தெரியாதா நமக்கு?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதன். "அது முடியாது" என்றேன். "பட்டியலில் பெயர் இல்லாத எவருக்கும் வாக்குச்சீட்டு வழங்கக் கூடாது."

"நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க சார்" என்றார் வாத்தியார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

மேரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான முதுகை நான் பார்த்ததில்லை.

வாக்கு எண்ணிக்கைக்கு என் ஏஜென்டாக மேரியின் பெயரைத்தான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். ஏஜென்ட்டுக்கு அந்த வார்டில் ஓட்டு இருக்க வேண்டியதில்லை. அவளும் வந்தாள். அதே புடவையோடுதான் வந்தாள்.

எண்ணி முடித்தார்கள். பூட்டுக்கு 143. கட்டிலுக்கு 143. (செல்லாத ஓட்டு ஒன்றில், கட்டிலுக்கு நேராக ஒருவர் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்தின் மதிப்பைப் பற்றி நான் தெருத்தெருவாகப் பேசியதன் பலன்.) மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதே 143.

ஒரே ஒரு ஓட்டு. அந்த ஓட்டு ஈஸ்டர் புடவையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சமமாக வந்தால் குலுக்கல். எடுக்கிற சீட்டில் யார் பெயரோ அவர் வென்றவர். இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி மடித்து, ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கிய அதிகாரி, "யாராவது பொதுவான ஆள் வந்து எடுங்க" என்றார்.

"அக்கா எடுக்கட்டும் சார்" என்றான் பொன்னுச்சாமி. "அவங்களை விடப் பொதுவான ஆளு யாரு? எங்க வார்டுல அவங்களுக்கு ஓட்டே கிடையாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆட்சேபணைக்கு விதியில் இடமில்லை.

மேரி எழுந்தாள். டப்பாவுக்குள் கையை விட்டாள். செத்த நேரம் துழாவினாள். இரண்டே சீட்டுக்கு அவ்வளவு துழாவல் தேவையில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்து, கோயிலில் வாசகம் வாசிப்பது போலத் தெளிவாக வாசித்தாள்: "பொன்னுச்சாமி."

அவன் அவள் காலில் விழுந்தான். என் காலிலும் விழுந்தான். மெம்பரான மறு மாதமே எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டான், மனுவே வாங்காமல். குழாய்க்கு ஊர் வைத்த பெயர் 'மேரியக்கா வீட்டுக் குழாய்'.

அடுத்த திருத்தத்தில் மேரி தன் படிவத்தைத் தானே நிரப்பி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பேனாவைக்கூட என்னைத் தொட விடவில்லை. இன்றும் வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்று ஓட்டெடுப்பு வந்தால், என் மகள் முதலில் கேட்பது, "அம்மா பேரு லிஸ்ட்ல இருக்காப்பா?"

இத்தனை வருடம் கழித்துப் போன மாதம் துணிந்து கேட்டேன். "மேரி, அந்தச் சீட்டை நீ தெரிந்தேதான் எடுத்தாயா?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க. விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்புறேன்" என்றாள். "நீங்க வர வேண்டாம். வெறும் சம்பிரதாயம்."