ஷேர் மெனுவில் மச்சான்

என் மச்சானைக் கம்ப்யூட்டரிலிருந்து துரத்துவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு.

காரணம் ஒரு கட்டி. முதுகில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, நாலு பேருக்குக் காட்டமுடியாத இடத்தில் வந்திருந்தது. டாக்டர் நோயல், "போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு மருந்து சொல்றேன்" என்றார். எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு கழுத்துச் சுளுக்கு செலவாயிற்று. போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து 'ஷேர்' என்பதை அமுக்கினேன். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு மெனு நீண்டது. மேலே வட்ட வட்டமாய் முகங்கள். கீழே என்னென்னவோ பெயர்கள். அந்தக் கூட்டத்தில் டாக்டரைத் தேடும்போது மௌஸ் வழுக்கியது.

போட்டோ போய்ச் சேர்ந்த இடம் 'வியாகுலம்மாள் குடும்பம்'. என் மாமியார் பெயரில் ஓடும் குரூப். நாற்பத்தொரு பேர். கம்ப்யூட்டரில் இருப்பது என் மனைவி ஜூடியின் கணக்கு. அதனால் அனுப்பியவர் பெயர் அவளுடையது. கட்டி மட்டும் என்னுடையது.

ஒரே நிமிஷத்தில் நாற்பத்தொரு இதயம் விழுந்தது. ஜூடியும் போட்டிருந்தாள்.

மாமியார், "மாப்ள, வெங்காயம் சுட்டு வெச்சிக் கட்டுங்க" என்று எழுதினார். மச்சான் டெரிக், "சூப்பர் மாமா, எந்த ஊரு மலை இது?" என்று கேட்டான்.

என்னைப் பார்த்து ஒருத்தன் சிரிப்பதா? கல்மண்டபத்தில் 'பேரம் வால்டர்' என்று கேட்டுப் பாருங்கள், நாய்கூட வழி காட்டும். நான் எட்டாங்கிளாஸ் ஃபெயில். பதினாலு வயசில் துறைமுக வாசலில் அறுந்த கயிறு பொறுக்கினவன். இன்றைக்குக் கீழே குடோன், மேலே வீடு. உடைக்கிற கப்பல், மூடின கம்பெனி, எங்கே பழைய மரச்சாமான் விழுந்தாலும் என் லாரி போய் நிற்கும். இந்தக் கம்ப்யூட்டரே மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏலத்தில் எடுத்ததுதான். அவன் இருபதாயிரம் சொன்னான். நான் ஆறு என்றேன். எட்டரையில் முடித்து, அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. நான் விலை சொல்வேன். பார்ட்டி பாதிக்குக் கீழே கேட்பான். நான் கத்துவேன். அவன் கோபித்துக்கொண்டு கிளம்புவான். குடோனுக்கு எதிரே சாலையோரம் ஒரு விளக்குக் கம்பம். அது வரைக்கும் விடுவேன். கம்பத்தைத் தாண்டப் போகிற நொடியில், "யோவ், இங்க வாய்யா!" என்று ஒரு குரல். திரும்பி வருவான். நான் நினைத்த விலைக்கு வாங்குவான். மூணு வருஷமாக ஒருத்தன்கூட அந்தக் கம்பத்தைத் தாண்டியதில்லை. என் குரலில் ஏதோ காந்தம் இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

அந்த வாரம் குடோனில் ஒரு கப்பல் மேசை கிடந்தது. தேக்கு. பன்னிரண்டு பேர் உட்காரலாம். அலையில் தட்டு சரியாமலிருக்க விளிம்பைச் சுற்றி விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்தது. பாதிக் குடோனை அதுவே அடைத்துக்கொண்டது. சனிக்கிழமை வள்ளூரிலிருந்து அறுபது பழைய கதவு வருகிறது. மேசை போகாவிட்டால் கதவுகளை மேலே வீட்டில்தான் அடுக்கவேண்டும். "கதவு மேல வந்துச்சின்னா நீ கீழ போய் படுத்துக்க" என்று ஜூடி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்கு மேசையெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் மெனு. அதில் 'திருத்து' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அமுக்கினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். எடுத்தால் ஆள் காலி. இவ்வளவு சுலபமாக உறவை முடித்துக்கொள்ள ஒரு வழி இருப்பது தெரியாமல் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

ஜூடி டீயோடு வந்தாள்.

"இன்னா பண்ணிகினு கீற?"

"சுத்தம் பண்றேன்."

"கம்ப்யூட்டரையா? அதுக்குத் துணி வேணும்."

"மெனுவ. ஒரே கலீஜா கீது. இதப் பாரு, உங்க அம்மா, உன் தம்பி, உன் சின்னக்கா, அவ வூட்டுக்காரரு... பதினோரு தல. எல்லாம் உன் வூட்டுத் தல. என் வூட்டுத் தல ஒண்ணு கீதா?"

"உன் வூட்டு ஆளுங்ககிட்டதான் நீ பேசறதே இல்லியே. கல்யாண மொய்யிலயே பேரம் பேசினவன் நீ."

"அத வுடு. இவன் யாரு, 'குறிப்புகள்'? இவன் யாரு, 'நினைவூட்டல்'? எனக்கு இன்னா மறதியா வந்துடுச்சி?"

"நேத்து பால் வாங்க மறந்த."

நினைவூட்டலைத்தான் முதலில் தூக்கினேன். பிறகு மாமியார். பிறகு டெரிக். டெரிக்கை மட்டும் ஒரு தடவை திரும்பப் போட்டு, மறுபடி தூக்கினேன். ஒரு திருப்திக்கு. வெறியில் டாக்டரும் போய்விட்டார். கடைசியில் மிஞ்சியது லாரிக்காரர் பீம்ராவ் ஒருத்தர்தான். மழை விட்ட தெரு மாதிரி பளிச்சென்று இருந்தது மெனு.

ஜூடி நிதானமாகக் கேட்டாள். "அப்போ குடோன் சாமான் போட்டோ எதையும் நான் யாருக்கும் அனுப்ப வேணாம்?"

"வேணாம்."

"மேச போட்டோ?"

"மேசயும் கெடையாது. உன் தம்பிக்கு என் மேச எதுக்கு? வேடிக்க பாக்கவா?"

"சரிங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

'ங்க'. கல்யாணமாகி அவள் என்னை 'நீங்க' போட்டுப் பேசியது நாலே தடவை. நாலு தடவையும் தோற்றிருக்கிறேன். அன்றைக்கு ஜெயித்த மிதப்பில் அந்த 'ங்க' என் காதில் விழவில்லை.

புதன்கிழமை சுப்பராயன் வந்தார். விம்கோ நகரில் மெஸ் வைத்திருப்பவர். ஷேர் ஆட்டோவில் போனவர் மேசையைப் பார்த்து இறங்கினார்.

"எவ்ளோ?"

"எண்பது."

"ஐயோ, ஜாஸ்திங்க" என்றார். அவ்வளவுதான். எதிர் விலை கேட்கவில்லை. கோபப்படவில்லை. நடந்தார். நான் சிரித்துக்கொண்டே கம்பத்தைப் பார்த்தேன். வந்தது கம்பம். குரல் கொடுத்தேன்.

"யோவ், இங்க வாய்யா!"

கம்பத்தைத் தாண்டினார்.

"யோவ்! எழுபது!"

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஏறினார். போயே போய்விட்டார். என் காந்தம் கம்பத்தடியில் துரு ஏறிக் கிடந்தது.

வியாழக்கிழமை ஆஃபியா என்று ஒரு பெண். வண்ணாரப்பேட்டையில் பிரியாணிக் கடை தொடங்கப் போகிறதாம். எண்பது என்றேன். "சரிண்ணா, ஜிபே பண்ணட்டா?" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்ன விலைக்கு ஒருத்தர் சரி என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, அவர் திருடர். இல்லையென்றால் நான் முட்டாள்.

"எண்பதுன்னா சொன்னேன்? நூறு!"

"இப்பதானண்ணா எண்பதுன்னீங்க?"

"அது அப்ப. நீ கொறச்சிக் கேளும்மா!"

"இன்னாண்ணா, ஏத்திச் சொல்லிட்டு கொறச்சிக் கேக்கச் சொல்றீங்க? பேஜாரா கீதே!"

அந்தப் பெண்ணும் கம்பத்தைத் தாண்டியது. ஓடியே தாண்டியது.

இரண்டு நாளும் மாலையில் ஜூடி கேட்டாள். "மேச போச்சாங்க?"

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் டெரிக் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. அந்தப் பக்கம் வருகிற ஆளே இல்லை.

"இன்னா மாமா, கட்டி எப்படி கீது?"

"மச்சான், காலையில வம்பு வேணாம்."

"இல்ல மாமா, அக்கா இந்த வாரம் எதுவுமே அனுப்பல. மேச கீதாமே? பார்ட்டி கேட்டுகினே கீறாங்க."

"எந்தப் பார்ட்டி? உங்க அக்கா இன்னா அனுப்புவா?"

டெரிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, மேலே மேலே தள்ளிக் காட்டினான். ஒரு போட்டோ. போன மாசம் நான் விற்ற ஐஸ் பெட்டி. கீழே ஜூடி எழுதியிருந்தாள்.

'மீன் ஏத்த பெரிய பெட்டி. கன்னியம்மா கேட்டாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க. இவரு பதினெட்டு சொல்வாரு. ஏழுல ஆரம்பிக்கச் சொல்லுங்க. நடுவுல ஒரு தடவ கோவப்படணும். விளக்குக் கம்பம் வரைக்கும் நடக்கணும், அதுக்கு மேல போக வேணாம். இவரு கூப்புடுவாரு. பதினொண்ணுல முடியும். இவருக்கு சந்தோஷமா இருக்கும்.'

கன்னியம்மா! பதினோராயிரத்துக்கு மடக்கினேன் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே, அந்தக் கன்னியம்மா!

இன்னும் மேலே தள்ளினேன். கப்பல் மணி. ஆபீஸ் பீரோ. சர்ச்சுக்குப் போன பெஞ்சு. ஒவ்வொன்றுக்கும் விலை, கோபம், கம்பம். பீரோவுக்கு மட்டும் கூடுதலாக, 'லேசா இருமினா ஐந்நூறு கொறைப்பாரு.'

மூணு வருஷம். என் காந்தம் என்று நினைத்ததெல்லாம் ஜூடியின் டைரக்‌ஷன். என் மாமியார் வீடு துறைமுகம், ரயில்வே, மீன்பிடி என்று கடற்கரை நெடுக வேர்விட்ட குடும்பம். ஆளுக்கொரு பார்ட்டி பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அவர்களைத்தான் கலீஜ் என்று பெருக்கித் தள்ளினேன்.

போனைக் கீழே தள்ளிப் பார்க்கப் போனேன். டெரிக் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "சார்ஜ் இல்ல மாமா" என்றான்.

கதவு வருவது மறுநாள். மாலையில் ஜூடியிடம் போனேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மெனுவுல கொஞ்சம் ஆளுங்களத் திரும்பப் போடணும்."

"நீங்க எடுத்தீங்க, நீங்களே போடுங்க."

"எடுக்கத் தெரிஞ்சிது, போடத் தெரியல."

"அப்போ நான் போடறேன். பதினொண்ணு."

வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? "ஒண்ணு. உங்க அம்மா மட்டும்."

"பத்தரை. சின்னக்கா புள்ளைக்கு அரை டிக்கெட்."

"மூணு!"

"ஒம்போது."

"உன் வூட்டு ஆளுங்க ஒம்போது பேர் என் கம்ப்யூட்டர்ல குந்திகினு இருந்தா நான் எங்க குந்தறது? வேணாம், ஒருத்தரும் வேணாம்!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன். நிஜக் கோபம். எண்ணூர் வரைக்கும் நடந்தே போய்விடுவது என்ற வேகம். சாலையைக் கடந்தேன். விளக்குக் கம்பம் வந்தது. கால் நின்றுவிட்டது.

ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்கியது. "வர்றியா நைனா?"

"கம்முனு போ."

மேலே பால்கனியிலிருந்து குரல் வந்தது. அச்சு அசலாக என் குரல் மாதிரி.

"யோவ், இங்க வாய்யா!"

திரும்பிப் போனேன். ஆறில் முடிந்தது. ஆறு பேர், அதில் டெரிக் கடைசி. 'ங்க' போய் 'யா' வந்ததில் எனக்கு உயிரே வந்தது. பதினொன்றை ஆறுக்கு இறக்கியிருக்கிறேன், அதுவும் ஜூடியிடம்! அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே சுப்பராயன் வந்து நின்றார். ராத்திரியே ஜூடி மேசை போட்டோவைக் குரூப்பில் போட்டு, யாரோ அவரைப் பிடித்துப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். எண்பது என்றேன். "முப்பது!" என்றார். கத்தினேன். "நீயெல்லாம் ஒரு வியாபாரியா?" என்று அவர் கோபப்பட்டார். பிரமாதமான கோபம். நடந்தார். கம்பத்தடியில் நின்று, திரும்பிப் பார்த்து, காத்திருந்தார். நிறுத்திய ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி அனுப்பினார். கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டில் முடிந்தது. எல்லாம் தெரிந்தும் நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

மேசை போயிற்று. கதவு வந்தது. அறுபதும் கீழேயே அடங்கின. கதவு அடுக்கிய போட்டோவை பீம்ராவுக்கு அனுப்பலாம் என்று ஷேரை அமுக்கினேன். மௌஸ் வழுக்கியது. ஆறு பேரோடு மெனுவுக்குத் திரும்பி வந்திருந்த குரூப் திறந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு ஜூடி எழுதியது கண்ணில் பட்டது. நான் மெனுவைச் சுத்தம் செய்து, அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போன நேரம்.

'இவரு மெனுவுல இருந்து நம்ம எல்லாரையும் தூக்கிட்டாரு. யாரும் கவலப்படாதீங்க. மூணு நாள் நான் எதுவும் அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழம டெரிக் டீக்கடையில போய் நிக்கட்டும், பழச மட்டும் காட்டட்டும். அப்பால நான் பதினொண்ணு சொல்வேன். இவரு ஒண்ணுல ஆரம்பிப்பாரு. நடுவுல கத்துவாரு. கம்பம் வரைக்கும் நடப்பாரு. நான் கூப்புடுவேன். ஆறுல முடியும். இவருக்கு சந்தோஷமா இருக்கும்.'

கீழே வரிசையாக இதயங்கள். எண்ணினேன். நாற்பத்திரண்டு. நாற்பத்தொரு பேர் குரூப்பில் ஒன்று எப்படி அதிகம் என்று அமுக்கிப் பார்த்தேன். புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

டாக்டர் நோயல்.