ஹாஜியாரைத் தோற்கடித்த வெள்ளைத் துணி

ஒரு வேட்பாளரை நான் தனியாளாகத் தோற்கடித்திருக்கிறேன். எதிர்க்கட்சியில் நின்று அல்ல, அவருக்கே வேலை செய்து.

எண்பதுகளின் தொடக்கம். இறக்குமதிக்குக் கதவு திறந்து, எங்கள் மருதமுனைக் கைத்தறி படுத்துவிட்ட நேரம். சபைத் தேர்தலில் எங்கள் கட்சி சார்பில் நின்றவர் புடவைக் கடை ஆதம்லெவ்வை ஹாஜியார். வெளிநாட்டுத் துணியைத் தன் வாசற்படி மிதிக்க விடமாட்டேன் என்று மேடைக்கு மேடை சத்தியம் செய்தார். நெசவாளர் வீடுகள் முழுக்க அவர் பக்கம். அவர் வென்றால் எனக்கு வாத்தியார் வேலை நிச்சயம் என்று வாப்பா நம்பினார். (நான் இன்னும் கூடுதலாக நம்பி, பள்ளிக்கூடம் போக இரண்டு காற்சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன்.)

என் எழுத்து அழகானது என்பதால் துணியில் பெனர் எழுதும் பொறுப்பு எனக்கு. தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது துணி தீர்ந்துவிட்டது. ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை.

"உள்ளறையில நிறையக் கிடக்கு மகன், வேண்டியத எடுங்க" என்றார் அவர் மனைவி.

கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் துணி. ஒரு நீளம் வெட்டி, 'கைத்தறியே நம் மானம்' என்று சிவப்பில் எழுதி, பெரிய வீதிக்குக் குறுக்கே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பெனருக்குக் கீழே பெருங்கூட்டம். என் எழுத்தை ரசிக்கிறார்கள் என்று நினைத்து, தலையைக் கோதிக்கொண்டு அருகில் போய் நின்றேன். (சிலருக்கு ஸலாமும் சொன்னேன்.) ஊரே சாச்சா என்று கூப்பிடும் நெசவாளர் உதுமாலெவ்வை என் தோளைத் தொட்டார்.

"அந்தப் பக்கம் போய் வாசிங்க தம்பி."

போய்ப் பார்த்தேன். துணியின் பின்புறத்தில் நீல மையில் ஒரு கொக்குப் படம். அதன் கீழே, சுளகளவு ஆங்கில எழுத்தில்: மேட் இன் ஜப்பான்.

எழுதும் அவசரத்தில் துணியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஹாஜியார் வீட்டு உள்ளறையில் நிறையக் கிடக்கிறது என்று, கேட்டவர்களிடம் உளறியும்விட்டேன்.

அன்று பின்னேரம் ஹாஜியார் கூட்டம் போட்டு விளக்கம் சொன்னார். "அது விக்கிற துணி இல்ல. மௌத்தானா உடம்பச் சுத்துற கபனுக்கெண்டு எடுத்து வெச்சது."

கூட்டத்திலிருந்து உதுமாலெவ்வை சாச்சா நிதானமாகக் கேட்டார். "ஓரறை முட்டக் கிடக்காமே ஹாஜியார். ஊரையே மௌத்தாக்கப் போறீங்களா?"

கோபத்தில் சனம் எதிர்க்கட்சிக்குப் போட்டுவிடும் என்று பயந்தேன். தேர்தலன்று விடிந்ததும் கட்சிக் காரில் ஆள் ஏற்றப் புறப்பட்டேன். தெருவுக்குள் நுழைந்ததும் திகைத்துப் போனேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தேர்தல் நாளில் நான் அதைக் கேட்டதே இல்லை. வாக்குச் சாவடியில் வரிசை இல்லை. பொலிஸ்காரர் வேப்பமர நிழலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

உதுமாலெவ்வை சாச்சா வீட்டுக்கு ஓடினேன்.

"சாச்சா, வோட்டுப் போட வரல்லயா?"

"தறியில பாவு அரைவாசியில நிக்கிது தம்பி."

"மத்தக் கட்சிக்கா போடப் போறீங்க?"

"அவனுக்கா? போனமுற வெண்டவன் இண்டைக்கு வரைக்கும் இந்தப் பக்கம் தல காட்டல்ல. ஒருத்தருக்கும் இல்ல."

"சும்மா இருந்தா அவன்தானே சாச்சா வெல்லுவான்?"

"வெல்லட்டும். எங்கட கையால வெல்லல்லயே."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கதவுக்குப் பின்னால் யாரோ பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அன்று பதினொரு வீடு ஏறி, நான் காரில் கொண்டுபோனது என் உம்மாவையும் வாப்பாவையும் மட்டும்தான். எதிர்க்கட்சிக்காரரின் சொந்தபந்தம் மட்டும் தவறாமல் போய்ப் போட்டது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. முடிவைக் கேட்டு அவரும் நம்பாமல், இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாராம்.

வாத்தியார் வேலை பிறகு பரீட்சை எழுதித்தான் கிடைத்தது. கதவுக்குப் பின்னால் சிரித்தவள் சுலைகா, சாச்சாவின் மகள். இரண்டு வருடம் கழித்து நிக்காஹ் முடித்து, ஊர் வழக்கப்படி அவள் வீட்டுக்கே குடிபோனேன். சாச்சா மாமாவானார். வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், சேர்ந்து உண்ணும் சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்ததும், என்னைக் காட்டிப் புது விருந்தாளிகளிடம் சொல்வார்:

"இவர் வந்து எவ்வளவோ கெஞ்சினார், வோட்டுக் குடுக்கல்ல. பாவம் பாத்து மகளக் குடுத்தன்."