பெரியப்பாவின் பக்திக்குப் பத்துக்குப் பத்து

உங்களுக்குப் பக்தி எவ்வளவு என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், உடனே ஒரு சாண் வளர்ந்துவிடுவார்கள். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் நேராகக் கேட்டதோடு விடாமல் சுற்றி வளைத்தும் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர் இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் பேட்டி எடுக்க அனுப்பினார். சொந்தக்காரர்களிடம் போகாதே என்றும் சொன்னார். (வெளியே இருந்த வெயிலில் அது என் காதில் ஏறவில்லை.)

நேராக சுவா சூ காங்கில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஏர்கானும் இருந்தது, முறுக்கும் இருந்தது.

"கோயிலுக்கு எப்பல்லாம் போவீங்க, பெரியப்பா?"

"என்னம்மா கேள்வி. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சா நேரா சிராங்கூன் ரோடு. வருஷக்கணக்கா தவறுனதில்ல."

"உங்க பக்திக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு சொன்னாரு?"

"அவர்கிட்ட கேக்கல."

"அப்பப் பத்தே போடு."

பெரியம்மா சமையலறையிலிருந்து பெருமையோடு எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் பெரியப்பா பிரசாதத்தோடு வரும்வரை அவர் எதையும் சாப்பிட மாட்டார்.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, சுற்றி வளைத்துக் கேட்கும் இரண்டாவது முறைக்கு வந்தேன். இதில் சாமி, கோயில் என்று வாயே திறக்கக்கூடாது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா சோபாவில் சாய்ந்துகொண்டார். "ஆபீஸ் விட்டதும் கூட வேலை பாக்கற கரீமும் நானும் சூப் துலாங் சாப்பிடப் போனோம். எலும்புக்குள்ள ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சணும், பாரு. அப்புறம் அவன் வீட்டுல ஃபுட்பால்."

"அப்புறம்?" என்றேன். (அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடமை உணர்ச்சி விடவில்லை.)

"அப்புறம் என்ன, கார்ல இருக்கற விபூதியைப் பூசிக்கிட்டு வீட்டுக்கு..."

முறுக்குத் தட்டோடு பெரியம்மா பின்னால் நின்றிருந்தார்.

"அப்ப அந்தப் பிரசாதம்?" என்று நிதானமாகக் கேட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன்.

"கரீம் வீட்டுக்குக் கீழ ஒரு கடை இருக்கு. கேசரி நல்லா இருக்கும் லா."

"கடைக் கேசரியையா இத்தனை வருஷம் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிட்டேன்?"

தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போனது. அன்று எனக்கு முறுக்குக் கிடைக்கவில்லை, பெரியப்பாவுக்குச் சோறே கிடைக்கவில்லை. சொந்தக்காரர் என்பதால் பேராசிரியரும் அந்தப் பேட்டியைத் தள்ளிவிட்டார்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பாவின் ஆபீஸ் வாசலில் பெரியம்மா அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறார். கல்யாண வீட்டில் நான் போய் உட்கார்ந்தால் போதும், பெரியப்பா மேசையிலிருக்கும் ஆண்களை எச்சரிக்கிறார்: "பாத்துப் பேசுங்க. இவ 'நல்லா இருக்கீங்களா'ன்னுதான் ஆரம்பிப்பா."