பத்தாவது பை எங்கே?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெளிநாட்டுக்குப் போய், கொண்டுபோன காசைப் பத்திரமாக வைத்திருந்து திரும்பி வந்த தமிழர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, கால்சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அத்தனையிலும் ஒரே கைத்தையல்தான் இருக்கும். பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் இரண்டு வகை. அந்தக் கையிடம் போகாதவர்கள் ஒரு வகை. போயும் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் இன்னொரு வகை. அடியேன் இரண்டாவது வகை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பத்துப்பை டெய்லர். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையை ஒட்டிய நடைபாதையில் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, கழுத்தில் அளவு நாடா. அவ்வளவுதான் கடை. ஆனால் எல்லோருக்கும் தைத்துவிட மாட்டார். கல்யாணக் கோட்டுத் தைக்கத் துணியோடு போன என் ஆபீஸ் நண்பனிடம், "எந்த நாட்டுக்குப் போற?" என்று கேட்டார்.

"நாட்டுக்கு இல்லண்ணே, கல்யாணத்துக்கு."

"அங்க காசு போறத நான் தடுக்க முடியாது லா. வேற கடை பாரு."

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும்தான் அவர் ஊசி நகரும். கிளம்புவதற்கு முன்னால், எடுத்துக்கொண்டு போகிற துணிமணி, பெட்டி, செருப்பு உட்பட எல்லாவற்றையும் அவர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். சுங்க அதிகாரிகூட அப்படிக் குடைய மாட்டான். கால்சட்டை இடுப்புப் பட்டிக்குள் ஒரு பை, முழங்காலுக்குக் கீழே ஒன்று, சட்டைக் காலருக்குள் ஒன்று என்று ஒன்பது பைகள் வைப்பார். அன்றாடச் செலவுக்குச் சில்லறை ஒரு பையில், பெரிய நோட்டு இன்னொன்றில், டிராவலர்ஸ் செக் ஒன்றில், அந்தச் செக்கின் நம்பர்கள் எழுதிய தாள் அதற்கு எட்டாத தூரத்தில் வேறொன்றில். எல்லாம் நமக்குத் தெரிந்த பைகள்.

பத்தாவது பைதான் விசேஷம். அது எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. காசை அவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். நம் சாமான்களில் எங்கேயோ வைத்துத் தைத்துவிடுவார். எல்லாம் போய் நடுத்தெருவில் நின்றால், சாப்பாட்டுக் கடை நம்பருக்கு ஃபோன் போட்டுக் கேட்டால் இடத்தைச் சொல்வார்.

"ஏண்ணே எனக்கே தெரியக் கூடாது?" என்று கேட்டால், "தெரிஞ்சா நீ தொட்டுப் பாப்ப. நீ தொட்டியோ, பிக்பாக்கெட்டுக்கு அட்ரஸ் குடுத்துட்ட" என்பார்.

இதற்குப் பரீட்சை வேறு உண்டு. ஒன்பது பைகளையும் நிரப்பிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்ப வேண்டும். பத்தடி பின்னால் அவர் வருவார். ஒரு தடவை கை எந்தப் பைப்பக்கமாவது போனாலும் ஃபெயில். காப்பாரிலிருந்து வந்த ஒரு லோரிக்காரர், ஆள் யானை மாதிரி இருப்பார், மூன்று தடவை ஃபெயிலானார். நான்காவது தடவை இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு நடந்தார். போலீஸ் யாரையோ பிடித்துக்கொண்டு போகிறது என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பின்னால் டெய்லர், "பாஸ், பாஸ்!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

கிள்ளானில் ஒரு ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார், லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனார். அவருடைய பெரிய நோட்டுகளை டெய்லர் உள்ளாடையில் வைத்துத் தைத்துவிட்டார். வாத்தியார் லண்டன் கடையில் குளிர்சட்டை ஒன்றை எடுத்துவிட்டு, காசு கேட்டதும் கழிவறை எங்கே என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரி பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டாளாம். திரும்பி வந்து சண்டை பிடித்த வாத்தியாரிடம், "காசு தொலஞ்சிச்சா சார்?" என்றார் இவர். "இல்லை." "அப்புறம் என்னா லா?" வாத்தியார் அடுத்த வருஷம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் என் மனைவி கமலாவுக்கு இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வெளிச்சம் பட்டாலே கண்ணில் நீர் கொட்டும். குடை இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டாள். மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் கண் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான், சேமிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு கமலாவோடு டெய்லரிடம் போனேன்.

என்னிடம் அப்போது புதிதாக ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. அதை எடுத்துக் காட்டுவதற்காகவே அடிக்கடி பர்ஸைத் திறப்பேன். டெய்லர் அதை ஓரத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சா காசு வேணாமா?"

"கையெழுத்துப் போட்டா போதும்ணே."

"அப்ப இத எடுத்தவன் கையெழுத்துப் போட மாட்டானா?"

அவரே சட்டம் போட்டார். கார்டும் காசும் ஒரே பையில் இருக்கக் கூடாது. கார்டு நம்பரும் பேங்க் ஃபோன் நம்பரும் தனியாக ஒரு தாளில் இருக்க வேண்டும். கடைக்காரன் கார்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனால் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நாமும் கூடவே போக வேண்டும். மெஷினில் வைத்துத் தேய்த்ததும் கார்டு நம்பர் பதிந்த கார்பன் தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்துப்போட வேண்டும். அன்றுதான் முதன்முதலாகக் கார்டைக் கண்ணால் பார்த்த மனிதருக்குக் கார்பன் தாள் வரைக்கும் எப்படித் தெரியும்? திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் எப்படி ஏமாந்தாய் என்று குடைந்து கேட்டு வைத்திருந்தார். அந்த ஞானத்துக்கு முன்னால் என் ஆபீஸ் மேனேஜரெல்லாம் தூசு.

"பத்தாவது பைக்கு எவ்வளவு? போற வேல முடியிற அளவுக்குப் போடு தம்பி" என்றார்.

இங்கேதான் நான் புத்தியைக் காட்டினேன். கமலா வீட்டிலேயே சொல்லியிருந்தாள்: "ஊரார் காச வாங்கி எங்கயோ வச்சேங்கிறாரு, எங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாரு. நல்ல பொழப்பு!" ஆகவே மரியாதைக்கு ஓர் ஐம்பது அமெரிக்க டாலர் நோட்டை மட்டும் நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கமலா நெற்றிக்கு மேலே பிடித்திருந்த குடையைப் பார்த்தார். இடுப்பளவு எடுக்க நாடாவைச் சுற்றினார்.

"எதுக்குண்ணே? எப்பவும் முப்பத்தாறுதான்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு அளவு நோட்டில் வேறு ஏதோ எழுதிக்கொண்டார். சாமான்களைத் திருப்பிக் கொடுத்தபோது கமலாவின் குடைக்கும் ஓர் உறை தைத்துக் கொடுத்தார்.

மெட்ராஸ் வெயிலில் ஒன்பது பைக் கால்சட்டையை ஒரு நாள்தான் தாங்க முடிந்தது. முழங்காலுக்குக் கீழே டிராவலர்ஸ் செக் அரித்து எடுத்தது. இரண்டாம் நாள் கால்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டிக்கு மாறினேன். காசு, செக், கார்டு, நம்பர் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே தோல் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பாஸ்போர்ட் மட்டும் லாட்ஜ் பெட்டியில் இருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும்.

மத்தியானம் ஒரு ஓட்டலில் இலைச் சாப்பாடு. முடித்ததும் தோல் பையைக் கமலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் கமலா இருக்கிறாள், குடை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பை இல்லை. நான் வைத்தது அவளுடைய இடது பக்கத்தில்.

"எனக்குத் தெரியலங்க. அந்தப் பக்கம் எனக்குத் தெரியலங்க" என்று அவள் அழுதாள். அந்த அழுகையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவள் மேல் என்ன தப்பு? பார்வையில்லாத பக்கத்தில் காசை வைத்த முட்டாள் நான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூ பழத்துக்கென்று கமலா கைப்பையில் வைத்திருந்த ரூபாயை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீஸுக்குப் போய் டிரங்க் கால் போட்டேன். மூன்று நிமிஷம்தான் என்று ஆபரேட்டர் எச்சரித்தார். சாப்பாட்டுக் கடைக்காரர் எடுத்தார்.

"டெய்லரண்ணனா? இருங்க. அண்ணே! மெட்ராஸ்லேர்ந்து ஃபோன்!"

தூரத்தில் டெய்லரின் குரல்: "ஒரு கால் மடிச்சிட்டேன், இன்னொரு கால் மடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு!"

ஒரு நிமிஷம் போயிற்று. ஒருவழியாக வந்தார்.

"அண்ணே, எல்லாம் போச்சுண்ணே! பத்தாவது பை எங்கண்ணே?"

"நீ யாரு?"

"நான்தாண்ணே! இன்சூரன்ஸ் ஆபீஸ்! கமலா வீட்டுக்காரன்!"

"அதத் திருடினவனும் சொல்லலாம். ஒன் இடுப்பளவு என்னா?"

தந்தி ஆபீஸில் எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "முப்பத்தாறு" என்றேன்.

"பொய்யி. என் நோட்டுல முப்பத்தெட்டரை இருக்கு."

"அண்ணே, சத்தியமா முப்பத்தாறுண்ணே!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, நீதான். திருடனா இருந்தா இந்த விஷயத்துல இவ்வளவு கூசாம பொய் சொல்ல மாட்டான்."

"எங்கண்ணே இருக்கு? அந்தக் கால்சட்டையிலயா?"

"வெயில் பட்டா நீ கழட்டிப் போட்டுருவன்னு எனக்குத் தெரியாதா லா? தங்கச்சி எதைக் கையவிட்டு எறக்காது? அந்தக் கொடைக்கு ஒற தச்சுக் குடுத்தேனே, அதுல பாரு. கார்டும் போச்சா?"

"நம்பர் தாளோட போச்சுண்ணே."

"தாளும் கார்டும் ஒரே பையிலயா? ஒன்ன என்னா பண்றது! என் அளவு நோட்டுல நம்பர் இருக்கு. நான் பாத்துக்கிறேன், நீ தங்கச்சி கண்ணப் பாரு." லைன் வெட்டிக்கொண்டது.

மறுநாள் டெய்லர் பேங்க் கதவு திறக்கும் முன்பே போய் நின்றாராம். கார்டை நிறுத்தச் சொன்னதற்கு, அங்கிருந்த அதிகாரி, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டாராம். "டெய்லர்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். யார் யாரையோ கூப்பிட்டார்களாம், எங்கெங்கோ ஃபோன் போட்டார்களாம். கடைசியில் கார்டை நிறுத்தும் வரை இடத்தைவிட்டு நகரவில்லையாம்.

நாங்கள் ஃபோன் பேசிய அன்றே லாட்ஜ் அறையில் அந்தக் குடை உறையைப் பிரித்தோம். காற்றில் பறக்காமலிருக்கக் குடைக் கைப்பிடியோடு நாடா போட்டுத் தைத்திருந்தார். இரட்டைத் துணி. கொடுத்தது ஐம்பது டாலர். ஐம்பதை வைத்து எந்த ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்வார்கள்?

உள்ளே என் ஐம்பது டாலர் நோட்டு இருந்தது. அதற்குப் பின்னால் அதே மாதிரி இன்னும் பத்து நோட்டுகள் இருந்தன. நான் கொடுக்காத நோட்டுகள்.

கமலா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல பொழப்புன்னு சொன்னேனே, பாவி" என்றாள். ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது.

ஊர் திரும்பியதும் பணத்தோடு ஓடினேன். வாங்கிக்கொண்டார். "ஏண்ணே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட. வாங்கியிருந்தாலும் அந்தத் தோல் பையிலதான் போட்டிருப்ப" என்றார். அசடு வழிய நின்றேன்.

இத்தனை பேரை ஊர் ஊராக அனுப்பியவர் சுபாங் விமான நிலையத்துக்கு வழியனுப்பக்கூடப் போனதில்லை. அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. அதற்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. பதினொரு வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தவர். தூங்கும்போது அப்பாவின் இடுப்பு வாரை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் போவதற்கு வைத்திருந்த காசு முழுவதும் அதில்தான் இருந்தது. "ஒரே எடத்துல வச்சாரு லா எங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மெஷினை வேகமாக மிதித்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குக் குடியுரிமை கிடைத்து நீல ஐசி வந்தது. கைக்குழந்தையாக விட்டு வந்த தங்கச்சியை இந்தியாவில் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொன்னார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டி, துணிமணி, செருப்பு. முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒம்போது பை தச்சிட்டேன் தங்கச்சி. பத்தாவது என்னால தைக்க முடியல. நானே தச்சா எனக்குத் தெரிஞ்சி போவுதே!"

கமலாவுக்குச் சிரிப்பு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊசி கோக்கிற அளவுக்குக் கண்ணு தெரியுதா?" என்று கேட்டார்.

கமலா அவர் கண்ணெதிரே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பார்த்து ஒரே தடவையில் நூலைக் கோத்துக் காட்டினாள். அவர் காசைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் ஜன்னலில் பார்த்தேன். கமலா என்னையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டுத்தான் தைத்தாள்.

ஒரு மாதம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தார். தங்கச்சி அவரைப் போலவே பேசுகிறாளாம், அவரைப் போலவே சண்டை பிடிக்கிறாளாம். "எங்க வச்சேன்னு சொல்லட்டுமா அண்ணே?" என்றாள் கமலா.

"வேணாம் தங்கச்சி. எங்கயோ இருக்குன்னு தெரிஞ்சதுல ஒரு நாள்கூட நான் பயப்படல. அது அப்படியே இருக்கட்டும்."

கடைசி வரை அவர் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் என் கைபேசி ஏதோ கடவுச்சொல்லைக் கேட்டு என்னைப் பாடாய்ப் படுத்தியபோது அவர் ஞாபகம் வந்து, "அவருக்குப் பத்தாவது பையை எங்கதான் வச்ச?" என்று கமலாவிடம் கேட்டேன்.

"உங்க இடுப்பளவு என்ன?" என்றாள்.

"முப்பத்தாறு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.