இறங்கிப் போன குற்றம்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உங்கள் அக்காவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. என் பழைய டாக்ஸியை விற்கலாமா, நான் திரும்பி வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். விற்றுவிடுங்கள். இந்த வெளிநாட்டிலேயே, மகள் வீட்டில் தங்கிவிட முடிவு செய்துவிட்டேன்.

போன வாரம் மாப்பிள்ளை கார் ஓட்ட, நான் பக்கத்தில், பேத்தி பின் சீட்டில். திடீரென்று பின்னால் போலீஸ் விளக்கு மின்னியது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கார் நின்றதும் நிற்காததுமாகக் காகிதங்களை அள்ளிக்கொண்டு, "ஐயா, வந்துட்டேன்!" என்று ஓடினேன். நம் ஊரில் இறங்காவிட்டால்தானே திமிர்! இங்கே இறங்கினால் குற்றமாம். போலீஸ்காரர் போட்ட சத்தத்தில் காகிதம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம். மாப்பிள்ளையோ இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, "மாமா, உள்ள வந்து உக்காருங்க, கையைக் காட்டுங்க" என்று உதடு அசையாமல் கெஞ்சுகிறார். கையைப் பார்த்து ஜோசியமா சொல்லப் போகிறார்கள்?

ஆனாலும் மரியாதை என்றால் மரியாதை. அந்தப் போலீஸ்காரரே என்னைத் தூக்கி உட்கார வைத்து, வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டார். எனக்கு நம் மணிக்கூண்டு முனை டிராஃபிக் போலீஸ் தொப்பையார் ஞாபகம் வந்துவிட்டது. "யோவ், கண்ணு தெரியல? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று என்னை நிறுத்திக் கத்துவார், அதே மூச்சில் "பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பார். பெரிய காருக்கு சல்யூட், என் டாக்ஸிக்கு விசில். அநியாயம்தான், ஆனாலும் அந்தக் குரலை நினைத்தால் ஏங்குகிறது மச்சான். அவர் ஓய்வு பெற்ற அன்று நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அப்போதும் "ஓரமா நிறுத்துய்யா" என்று ஒரு திட்டு. இங்கே அந்தப் பாரபட்சமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே 'சார்'.

அக்கா உங்களை மிகவும் விசாரித்தாள். பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று மறுபடி நிறுத்தினார்கள். மாப்பிள்ளைக்கு இந்த மாதத்தில் இது நான்காவது முறையாம். எங்களை முந்திப் பறந்த பக்கத்து வீட்டுக்காரரை இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லையாம். அவர் முகம் இந்த ஊர் முகம். விளக்கு மின்னியதும் நம் ஐந்து வயசுப் பேத்தி, யாரும் சொல்லாமலே, பொம்மையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முன் சீட்டின் மேல் வைத்தாள். "தாத்தா, நீங்களும் வைங்க" என்றாள். வைத்தேன். டாக்ஸியை விற்க வேண்டாம் மச்சான். நான் வந்துவிடுகிறேன். அவளை எப்படி அழைத்து வருவது என்றுதான் தெரியவில்லை.