அலுங்காமண்ணனும் எழுபது வளைவுகளும்

கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்றுதான் பெருமையடித்துக்கொள்வார்கள். தன் கார் எவ்வளவு நோகாமல் போகும் என்று பெருமையடித்துக்கொண்ட ஒரே மனிதரை நான் கொல்லிமலையில்தான் பார்த்தேன். செம்மேட்டில் அவருக்குப் பெயர் அலுங்காமண்ணன். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். ‘அலுங்காம போவணும், குலுங்காம போவணும்’ என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எப்படி நிலைக்கும்?

தொண்ணூற்றெட்டில் செம்மேட்டில் ஓர் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. காரவள்ளியிலிருந்து மலை ஏறும் ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு ஒரு போர்டு. அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் எழுபது. வேலையில் சேர வந்த அன்று பன்னிரண்டாவது வளைவில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். எழுபதாவது வளைவு வரை உள்ளே இழுக்கவில்லை.

வாடகைக்கு வீடு விசாரித்தபோது அலுங்காமண்ணன் வீட்டை ஒட்டினாற்போல் ஓர் அறை இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். கொட்டகையில் ஒரு காருக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய கைகளோடு வெளியே வந்தார். என் ஊரைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை.

“பஸ்ஸுல வந்தீங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“வாந்தி எடுத்தீங்களா?”

எடுத்தேன் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னேன்.

“எத்தனாவது வளைவுங்க?”

“பன்னெண்டு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பி, “சரசு, இங்க வா. பன்னெண்டுலயே எடுத்திருக்காரு. நாம தேடுன ஆளு கெடச்சிட்டாரு” என்றார். அறை எனக்கு என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

எதற்குத் தேடினார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சரசு அக்கா அவர் மனைவி. இருவருக்கும் சொந்த ஊர் கீழே, சேந்தமங்கலம் பக்கம். மலையில் மோட்டார், ஆயில் என்ஜின் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை என்று அண்ணன் மேலே வந்து கடை போட்டவர். கல்யாணம் ஆனதும் அக்காவைப் பஸ்ஸில் கூட்டி வந்தார். எழுபது வளைவையும் அக்கா எப்படிக் கடந்தார் என்பதை விவரிக்க வேண்டாம். சாப்பிடும்போது பத்திரிகை படிக்கிறவர்களும் உண்டு. வந்து இறங்கி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. திறந்ததும், இனிமேல் வண்டி ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒன்பது வருஷமாகக் கீழே போகவே இல்லை. நடுவில் ஒரு தடவை மாத்திரை போட்டுப் பார்த்தார். மாத்திரையும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னொரு தடவை காட்டுப்பாதையில் நடந்து இறங்கப் பார்த்தார். பாதி வழியில் கணுக்கால் பிசகி, நான்கு பேர் மேலே தூக்கி வந்தார்கள்.

அக்கா போகாததில் மாட்டிக்கொண்டவன் அவருடைய ஒரே தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று நடக்கிற சீர். உடன்பிறந்தவள் வராவிட்டால் ஒன்றுவிட்ட அக்கா தங்கை யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம். ஊரே அதைச் சொல்லிப் பார்த்தது. தம்பி மசியவில்லை. “சொந்த அக்கா உசுரோட இருக்கையில இரவல் அக்கா எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டு, வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். கல்யாணத்தை மலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாலோ, பெண் வீட்டார் இரண்டு பஸ் நிறைய வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர வேண்டும். அதற்கு எந்தப் பெண் வீட்டார் சம்மதிப்பார்கள்?

ஆக, அக்கா வாந்தி எடுக்காமல் கீழே இறங்கினால்தான் தம்பிக்குக் கல்யாணம். அப்படி இறக்கக்கூடிய காரைத் தானே செய்துவிடுவது என்று அண்ணன் இறங்கிவிட்டார். சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு வயசான அம்பாசிடரைப் பிடித்து, குச்சிக்கிழங்கு ஏற்ற வந்த லாரியில் மேலே கொண்டுவந்தார். அதை அவர் படுத்திய பாட்டைத்தான் நான் நான்கு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்பது கூடப் பொய். அனுபவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை. என்னை நன்றாகச் சாப்பிட வைத்துப் பின் சீட்டில் உட்கார வைப்பார். கார் எழுபதாவது வளைவிலிருந்து இறங்கும். நான் வாந்தி எடுக்கிற இடத்தில் திருப்பிக்கொண்டு வருவோம். அந்த வளைவின் நம்பரைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதுவார். சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குக் கீழேயிருந்து தம்பி போன் பண்ணுவான்.

“மாமா, இந்த வாரம் எத்தனைங்க?”

“அறுவத்தி நாலு, மாப்ள.”

“அப்படீன்னா இன்னும் அறுவத்தி நாலு இருக்குதுங்களா?”

“அவசரப்படாத சாமி. கெழங்கு சரியா வேகாம சாப்பிட்டுட்டாரு கிளார்க்குத் தம்பி.”

அக்கா பெட்ரோல் வாடையைத் தாங்கமாட்டார் என்பதால் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, கண்டம் பண்ணின ஜீப் ஒன்றின் டீசல் என்ஜினை உள்ளே திணித்தார். டீசல் புகை அதைவிட மோசம் என்று அக்கா மூக்கைப் பொத்தினார். உடனே சைலன்சர் குழாயைப் பின்பக்கமாக நிமிர்த்தி, காரின் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். சந்தை நாளில் அது கடைவீதியில் புகைவிட்டுக்கொண்டு வந்தபோது, மலையின் உள்பகுதியான அரியூர் நாட்டிலிருந்து மிளகு விற்க வந்த ஒரு பெரியவர் மரியாதையாக ஒதுங்கி நின்று, “எந்த ஊரு மில்லுங்க இது, எங்க கொண்டுபோறீங்க?” என்று விசாரித்தார்.

அடுத்து ஸ்பிரிங். மேடு பள்ளம் தெரியக்கூடாது என்று பட்டைகளில் பாதியைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கடியில் டிராக்டர் டியூபில் காற்றடித்து வைத்தார். கார் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அறுபத்தொன்பதிலேயே கதவைத் திறந்துவிட்டேன்.

“தொட்டிலாட்டம் இருக்கட்டும்னு பண்ணுனேனுங்க” என்றார் வருத்தமாக.

“எனக்குத் தூக்கம் வரலைங்கண்ணா. இட்லிதான் வந்துச்சு.”

பிறகு காரைத் தாழ்த்தினார். உயரமாக இருப்பதால்தான் வளைவில் சாய்கிறதாம். வெட்டி, ஒட்டி, தரையோடு தரையாக இறக்கிவிட்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. எனக்கும் ஐம்பத்திரண்டு வரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் திரும்பி வரும்போது எங்கள் ஆபீஸ் முன்னாலிருந்த வேகத்தடையில் கார் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. நான்கு சக்கரமும் ரோட்டைத் தொடாமல் சுற்றின. திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீசர் வந்து பார்க்கும் வரை அது அங்கேயே இருந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த நாற்காலி. வளைவில் உடம்பு ஒரு பக்கம் திரும்புவதால்தான் குமட்டுகிறது, நாற்காலியே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால் உடம்பு நேராக இருக்கும் என்று கண்டுபிடித்தார். சலூனில் போடுகிற சுழல் நாற்காலி ஒன்றை வாங்கிவந்து பின் சீட்டின் இடத்தில் பொருத்தினார். அது எதிர்ப்பக்கம் திரும்பியது உண்மை. எப்போது நிறுத்துவது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. மூன்று வளைவுகளில் எட்டுச் சுற்றுச் சுற்றினேன். அன்றைக்குக் கதவில் என்ன நம்பர் எழுதினார் என்று எனக்கு ஞாபகமில்லை. எனக்கு என் பெயரே அப்போது ஞாபகமில்லை.

இதற்கெல்லாம் சரசு அக்கா சிரித்ததும் இல்லை, சலித்துக்கொண்டதும் இல்லை. அந்தக் கார் ஒருநாளும் செல்ஃப் எடுத்ததில்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுவதற்குப் பலம் வேண்டும், ஸ்டியரிங்கில் யார் உட்கார்ந்தாலும் போதும் என்பது அண்ணனின் கட்சி. எனவே நாங்கள் இருவரும் பின்னாலிருந்து தள்ள, அக்கா ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பி, வாசலை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறங்கிப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். சோதனை தேறாமல் உன்னை ரோட்டில் ஏற்றமாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்தொன்றில் தம்பிக்கு ஓர் இடம் அமைந்தது. பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் வீட்டார் காத்திருக்கத் தயாராக இல்லை. தையில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். “எத்தனாவது வளைவா இருந்தாலும் சரிங்க மாமா, அக்கா வந்தாத்தான் தாலி” என்று போனில் அழுதான். என்னுடைய சாதனை அப்போது முப்பத்தெட்டு. அதற்குக் கீழே எங்கள் காரில் மனிதக் குடல் போய்ப் பார்த்ததில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடிந்ததும் கிளம்பினோம். அண்ணன் பிரேக்கை மூன்று தடவை பார்த்தார். சுழலாமல் போல்ட் போட்டு இறுக்கிய நாற்காலியில் அக்கா பட்டுப்புடவையோடு உட்கார்ந்தார். மடியில் ஆறு எலுமிச்சம்பழம். முன் சீட்டில் நான். அண்ணன் காரை நடத்தித்தான் கொண்டுபோனார் என்று சொல்ல வேண்டும். ஒரு மாடு எங்களை முந்திக்கொண்டு போனது.

அறுபத்து மூன்றாவது வளைவில் அக்கா நிறுத்தச் சொன்னார். இறங்கி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, காலையில் குடித்த காபியையும் அதற்கு முன் சாப்பிட்டதையும் வெளியேற்றினார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“என்னால ஆவாதுங்க. நீங்க போயி அவங்கிட்டச் சொல்லிருங்க. சித்தப்பா மகளை நிறுத்திக்கச் சொல்லுங்க.”

அண்ணன் காருக்கும் கட்டைச்சுவருக்கும் நடுவே நின்றார். அந்த மனிதர் அப்படி நின்றதை நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியில், “சரி, ஊட்டுக்குப் போவலாம் வா” என்றார்.

வாடை அடிக்கக் கூடாதென்று என்ஜினை அணைத்திருந்தார். திருப்ப வேண்டுமானால் முதலில் கிளப்ப வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா வழக்கம்போல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நாங்கள் வழக்கம்போல் தள்ளினோம். இறக்கம் என்பதை மூன்று பேரும் மறந்துவிட்டோம். கார் கிளம்பியது. நிற்கவில்லை. வளைவில் ஒடித்துத் திரும்பி மறைந்துவிட்டது.

“பிரேக்கு, சரசு, பிரேக்கு” என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடினார். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். எதிரே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் வேகத்தைக் குறைத்து, “ஏனுங்கண்ணா, உங்க கார்ல அக்கா மட்டும் போறாங்க. ஹாரன் அடிச்சு வழி வாங்கிட்டுப் போறாங்க” என்றார்.

ஐம்பத்தெட்டாவது வளைவில் கார் ஓரமாக, ஒழுங்காக நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது எங்களுக்குத்தான்.

“அடி பட்டுதா கண்ணு?” என்றார் அண்ணன்.

“இல்லீங்க. அஞ்சு வளைவு வந்துட்டேனுங்க. வயித்துக்கு ஒண்ணுமே பண்ணலீங்களே.”

அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புகைக்குழாயைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வண்டி ஓட்டுகிற எவரும் வாந்தி எடுத்து அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. அவரே அந்த ரோட்டில் ஆயிரம் தடவை ஓட்டியவர். இத்தனை வருஷத்தில் அது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

“அப்ப வண்டியில கோளாறே இல்லையா?” என்றார்.

“உக்கார வச்ச எடத்துலதானுங்க கோளாறு” என்றார் அக்கா. “ஏறுங்க, நேரமாவுது.”

அண்ணன் நாற்காலியில் ஏறினார். அக்கா ஓட்டினார். லைசென்சைப் பற்றி யாரும் எழுதிக் கேட்க வேண்டாம், இப்போது இருக்கிறது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏறி வரும் வண்டிக்கு இடம் விட்டு, அக்கா நிதானமாக இறக்கினார். நாற்பத்தொன்றில் பின்னாலிருந்து ஒரு சத்தம். அலுங்காமண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காரில் பயணியாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே அக்கா மூன்று தடவை வண்டியை நிறுத்தி, அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினார். என் கணக்கு தனி.

பந்தல் முன்னால் கார் நின்றபோது தம்பி ஓடி வந்து பின்கதவைத் திறந்தான். உள்ளே மாமா சுருண்டு கிடந்தார். அக்காவைக் காணோம் என்று அவன் முகம் கறுத்துப்போனது. அதற்குள் டிரைவர் பக்கக் கதவு திறந்து பட்டுப்புடவை கீழே இறங்கியது. பெரிய ஆம்பளை, அத்தனை பேர் முன்னால் அக்கா தோளில் சாய்ந்து விசும்பினான். எனக்கும் உள்ளேயிருந்து ஏதோ வந்தது. வாந்தி இல்லை, வேறு.

சீர் நடந்துகொண்டிருந்தபோது அண்ணன் பின்பக்கம் கயிற்றுக்கட்டிலில் எலுமிச்சம்பழத்தோடு படுத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இத்தனை வருஷம் வீணாப் போச்சேங்கண்ணா” என்றேன்.

“எப்படிங்க தம்பி வீணாவும்?” கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். “எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் அவளை எப்படி நோவாம கூட்டிட்டுப் போறதுன்னுதானே நெனச்சிட்டு இருந்தேனுங்க. கண்ணாலம் பண்ணுனவனுக்கு வேற என்னங்க வேலை?”

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. அந்த மனிதருக்காக நான்கு வருஷம் வாந்தி எடுத்திருக்கிறேன். இன்னும் நான்கு வருஷம் இருந்து எடுக்கச் சொல்லியிருந்தாலும் சந்தோஷமாக எடுத்திருப்பேன்.