பலனற்ற அமர்வு: நாற்பது நிமிடம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. ஆனால் 'சும்மா உட்காருதல்' என்னும் கொடுமையைக் கண்டுபிடித்து ஒழித்தவர்கள் யாரென்று உலகறியும்: பஸ் பணிமனையின் 'வேக மேம்பாட்டுக் குழு'. உறுப்பினர் ஐவர். அவர்களில் ஒருவர் பஸ்ஸில் ஏறியும் இருக்கிறார்.

குழு பணிமனைக்குள் திருவடி பதித்த நாளில், பெயின்டரக்கா ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தர உத்தரவு அப்போதுதான் மேசை மேசையாக நகரத் தொடங்கியிருந்தது. எதிரே ஏழாம் நம்பர் பஸ். அதன் இடுப்பைச் சுற்றி ஓடும் துத்தநாகம் பூசிய தகட்டுப் பட்டியில் பழைய பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"பழைய பெயின்ட்டை எடுக்கறேன் சார்."

"உட்கார்ந்துகிட்டா?"

"மருந்து தடவியிருக்கேன் சார், நாற்பது நிமிஷம் ஊறணும். அப்புறம் பிளாஸ்டிக் தகட்டால வழிச்சுக் கழுவிட்டா, பட்டிக்கு ஒரு கீறல் விழாது."

"அதுவரைக்கும் வேற பஸ்ஸைப் பார்க்கலாமே?"

"அசந்தா காஞ்சுடும். காஞ்சா மறுபடி ஒட்டிக்கும். பக்கத்துலயே இருக்கணும் சார்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'பலனற்ற அமர்வு: நாற்பது நிமிடம்' என்று பதிவேட்டில் ஏறியது.

உட்காருதலை ஒழிப்பது எப்படி என்று குழு மூன்று நாள் உட்கார்ந்து ஆலோசித்தது. நான்காம் நாள் தீர்வு பிறந்தது: கை கிரைண்டரில் சுழலும் கம்பி பிரஷ். பஸ்ஸுக்கு எட்டே நிமிடம்!

"சார், கம்பி பிரஷ் போட்டா பெயின்ட்டோட துத்தநாகமும் போயிடும். அப்புறம் வெறும் இரும்புதான். துரு ஏறிடும்."

"இந்த வாரம் 'வேக வாரம்'. துரு மாதிரி எதிர்மறை வார்த்தையெல்லாம் வேண்டாமே," என்றார் தலைவர். பிறகு மிகுந்த பரிவோடு சொன்னார்: "உங்க நிரந்தர உத்தரவு இப்ப என் மேசையிலதாம்மா இருக்கு."

பெயின்டரக்கா கிரைண்டரை எடுத்தார். தெரிந்தே கெடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் தேய்த்தார். அன்று மாலைக்குள், ஏழாம் நம்பர் போக மீதிப் பதினோரு பஸ்களும் பளபளத்தன. அந்தப் பளபளப்பில் முகம் பார்த்துத் தலைவர் தலை வாரிக்கொண்டார். புகைப்படம் எடுக்கப்பட்டது. மறுநாளே பன்னிரண்டுக்கும் புது பெயின்ட்டும் அடித்தாயிற்று.

மழை, குழுவின் ஒப்புதல் பெறாமலே ஒரு மாதம் பெய்தது. பட்டிகளில் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. துரு கோடு கோடாக வழிந்து பயணிகளின் வெள்ளைச் சட்டைகளில் குடியேறியது.

விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. நடுநிலை முக்கியமல்லவா? ஆகவே அதே ஐவர். அவர்கள் பன்னிரண்டு பஸ்களையும் சுற்றிச் சுற்றி வந்து, பெயின்டரக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள்:

'ஒரே பணிமனை, ஒரே பெயின்ட், ஒரே மழை. பதினோரு பஸ்கள் ஒரே சீராகத் துருப்பிடித்திருக்க, ஏழாம் எண் மட்டும் துருப்பிடிக்காதிருப்பது கடும் ஒழுங்கீனம். அதில் தாங்கள் தனியாகச் செய்தது என்ன? இன்றைக்குள் எழுத்து மூலம் விளக்குக. தவறினால் நிரந்தர உத்தரவு ரத்தாகும்.'

"மன்னிப்பு கேட்டு எழுதிடுங்கக்கா, எதுக்கு வம்பு?" என்றார் பணிமனை மெக்கானிக்.

பெயின்டரக்காவும் அப்படித்தான் நினைத்தார். பதினோரு வருடம் ஒரு தாளில் போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. ஏழாம் நம்பரின் பட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அதே டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, குழுவின் கண்ணெதிரே உட்கார்ந்து, நிதானமாக எழுதிக் கொடுத்தார்:

'ஐயா, ஏழாம் நம்பருக்கு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்ற பதினொன்றுக்கும் நீங்கள் உட்கார்ந்தீர்கள்.'